கள் முதல் போர்ட் வரை: போத்தலுக்குள் நடப்பது என்ன?

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று. வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு போத்தலைப் பார்த்து, "இது இன்னும் நல்லா இருக்குமா, கெட்டுப் போயிருக்குமா?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது.

நான் பிறந்து வளர்ந்தது பாகான் டாலாம். பினாங்குத் தீவில் இருந்து ஃபெர்ரியில் ஏறி பட்டர்வொர்த் கரையில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கும் ஊர். துறைமுகத்தையும் ரயில்வேயையும் நம்பிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்பதால், தீபாவளி, கிறிஸ்துமஸ், காதுகுத்து, பிள்ளைப்பேறு என்று எது வந்தாலும் மேற்சொன்ன கேள்வி என்னிடம் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. ஒரு சொல், மூன்று பொருள்

"கெட்டுப்போச்சு" என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு செய்திகளைக் குறிக்கிறோம். முதலாவது, பழசாகிவிட்டது: மணம் குன்றி, நிறம் மங்கிவிட்டது. இரண்டாவது, புளித்துவிட்டது: நுண்ணுயிர்கள் வேலை செய்து காடியாக்கிவிட்டன. மூன்றாவது, நஞ்சாகிவிட்டது.

முதல் இரண்டும் காலத்தால் வருபவை. மூன்றாவது பெரும்பாலும் மனிதனின் கலப்படத்தால் வருவது. முதல் இரண்டையும் நாக்கும் மூக்கும் கண்டுபிடித்துவிடும். மூன்றாவதை அவற்றால் கண்டுபிடிக்க முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், தேவையில்லாத இடத்தில் பயமும் பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சலும் நம்மிடம் இருக்கின்றன. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

2. கள்ளின் ஆயுள் ஒரு நாள்

நமக்கு மிகவும் தெரிந்த பானத்தில் இருந்து தொடங்குவோம். தென்னம்பாளையைச் சீவும்போது சொட்டுவது கள் அன்று, இனிப்பான சாறு. அதில் ஏறக்குறைய 15 விழுக்காடு சர்க்கரை இருக்கும். மதுச்சத்து அறவே இருக்காது. ஆனால் காற்றிலும் பாளையிலும் முட்டியின் உட்புறத்திலும் இருக்கும் ஈஸ்ட், சாறு சொட்டிய நொடியில் இருந்தே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ பாதியை ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். முட்டியில் பொங்கும் நுரை அந்த வாயுவே.

நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே 4 விழுக்காடு அளவுக்கு ஆல்கஹால் சேர்ந்துவிடும். கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வளரும். ஒரு நாள் கடந்தால் அசெட்டிக் பாக்டீரியாக்கள் கை ஓங்கும். இவை காற்றின் துணையோடு ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம்தான் காடி, அதாவது வினிகர். காலையில் இறக்கிய கள் மறுநாள் மூக்கைத் துளைப்பது இதனால்தான்.

பதநீர் இறக்குபவர்கள் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதன் காரணமும் இங்கே விளங்கும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. அந்தச் சூழலில் ஈஸ்ட்டால் பெருக முடிவதில்லை. ஒரு பானத்தின் ஆயுளை நீட்டும் வேதியியலை ஏட்டுப் படிப்பில்லாத நம் முன்னோர் ஒரு விரல் சுண்ணாம்பில் வைத்திருந்தார்கள். அதே முட்டியைச் சுண்ணாம்பு இல்லாமல், முந்தின நாள் வண்டலோடு மரத்தில் கட்டினால் நேர்மாறாக நடக்கும். வண்டலில் இருக்கும் ஈஸ்ட் பாலுக்கு உறை ஊற்றியது போல வேலை செய்து, சாற்றை இன்னும் விரைவாகக் கள்ளாக்கும்.

கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள் என்பதை வெறும் அறிவியல் குறிப்பாக மட்டும் பார்க்காதீர்கள். நம் தோட்டப்புற வரலாற்றில் இதற்கு இடம் உண்டு. நாளைக்கு வைத்திருக்க முடியாத சரக்கை இன்றைக்கே விற்றாக வேண்டும். அதற்கு ஆள்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படையும் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. தாங்கள் உழைத்த காசு அன்றன்றைக்கே எங்கே போகிறது என்பதை அந்தத் தொழிலாளர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

3. கடல் கடந்து வந்த ஒயின்

ஒரு நாளில் புளிக்கும் பானத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. அப்படியானால் மாதக்கணக்கில் கடலில் வந்த ஒயின் எப்படித் தாக்குப்பிடித்தது?

இந்தக் கேள்வி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா எனப்படும் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைந்த பாகங்கள் கிடைத்தன. குறுகிய கழுத்தும் கூர்மையான அடியும் கொண்ட அந்தச் சாடிகளில் ஒயின் ஏற்றுவதற்கு முன் உட்புறம் பிசின் பூசுவார்கள். மண்ணின் நுண்துளைகள் வழியே ஒயின் கசியாமலும் காற்று புகாமலும் இருக்க அது உதவியது. வாயையும் அடைத்து முத்திரையிட்டார்கள்.

நம்மவர்களுக்கும் சேமிக்கத் தெரிந்திருந்தது. மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேன் தேறலைப் பற்றி மலைபடுகடாம் பேசுகிறது. 'தேறல்' என்ற சொல்லே தெளிந்தது என்னும் பொருள் தருவது. வண்டலை நீக்கித் தெளியவைத்தால் நுண்ணுயிர்களின் அளவு குறையும், பானம் சற்றுக் கூடுதலாக நிற்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் வைத்த பெயராக இதை நான் பார்க்கிறேன்.

பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வரத் தொடங்கின. அவற்றில் ஏற்றிய ஒயின் பீப்பாய்கள் வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது கெட்டுப் போயின. இதற்குக் கண்ட தீர்வு, ஒயினோடு அதைவிடப் பன்மடங்கு கடுமையான திராட்சைச் சாராயத்தைக் கலப்பது. இப்படிக் கலந்ததைத்தான் வலுவூட்டிய ஒயின் என்கிறோம். போர்ச்சுகலின் போர்ட், ஸ்பெயினின் ஷெர்ரி, அட்லாண்டிக் கடலில் உள்ள மதேரா தீவின் மதேரா ஆகியவை இவ்வகையில் புகழ் பெற்றவை.

இவற்றுள் மதேராவின் கதை விந்தையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்தியாவுக்கு வரும் வழியில் மதேராவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியதும் அதே கம்பெனிக்காகத்தான். கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் வெந்த மதேரா கெடவில்லை. சுவை கூடியது! கடல் சுற்றித் திரும்பிய பீப்பாய்க்குத் தனி விலை கிடைத்தது. பின்னாளில் கப்பலே தேவையில்லாமல், ஒயினைத் தொட்டியில் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 3 மாதம் வைத்து அந்தச் சுவையை வரவழைக்கத் தொடங்கினார்கள். வெப்பமும் காற்றும் செய்யக்கூடிய கெடுதலை எல்லாம் முன்கூட்டியே சந்தித்துவிட்ட ஒயின் என்பதால், திறந்த பிறகும் மதேரா மாதக்கணக்கில் நிற்கிறது.

4. வலுவூட்டும் கணக்கு

எவ்வளவு ஆல்கஹால் இருந்தால் பானம் நிற்கும்? இதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம்.

போர்ட் தயாரிக்கும்போது திராட்சைச் சாறு பாதி நொதித்த நிலையில், அதாவது இன்னும் இனிப்பு மிச்சம் இருக்கும்போதே, 77 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட சாராயத்தை ஊற்றுகிறார்கள். 550 லிட்டர் கொள்ளும் பீப்பாய்க்கு ஏறத்தாழ 115 லிட்டர் சாராயம் போகும். அதில் மட்டும் சுமார் 88 லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. மீதி 435 லிட்டர் சாறு 6 விழுக்காடு வரை நொதித்திருந்தால் அதில் 26 லிட்டர். இரண்டும் சேர்ந்து 114 லிட்டர். அதை 550-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 விழுக்காடு வரும்.

இந்த 21 ஏன் முக்கியம்? பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் 14 முதல் 16 விழுக்காடு ஆல்கஹாலைத் தாண்டினால் செயலிழந்துவிடும். காடியாக்கும் பாக்டீரியாக்களும் அந்த எல்லைக்கு மேல் வேலை செய்ய முடியாமல் திணறும். ஆகவே போர்ட்டில் எஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கிறது. அது மேலும் நொதிப்பதும் இல்லை, எளிதில் புளிப்பதும் இல்லை.

இப்போது ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்படியில் கள்ளும் பீரும், ஏறத்தாழ 4 முதல் 8 விழுக்காடு. அடுத்த படியில் சாதாரண ஒயின், 12 முதல் 14. மூன்றாம் படியில் வலுவூட்டிய ஒயின், 15 முதல் 22. உச்சியில் பிராந்தி, விஸ்கி, 40 விழுக்காடு அளவில். மேலே போகப் போக நுண்ணுயிர்களின் தொல்லை குறையும். உச்சிப்படியில் உயிர் எதுவும் வளராது.

ஆனால் வலுவூட்டிய ஒயின் நுண்ணுயிரிடம் இருந்துதான் தப்பித்தது. காற்றிடம் இருந்து தப்பவில்லை. பலருக்கும் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

5. காற்று, வெப்பம், ஒளி

போத்தலைத் திறந்ததும் ஆக்சிஜன் உள்ளே நுழைகிறது. ஆல்கஹாலில் ஒரு பகுதி அசெட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும். அடிபட்ட ஆப்பிளின் மணம் வந்தால் அதுதான் காரணம். சிவப்பு ஒயின் பழுப்பாகும், பழமணம் போகும். போத்தலில் ஒயின் குறையக் குறைய உள்ளே காற்றின் இடம் கூடுவதால் கெடுதலும் விரைவாகும். கால் போத்தல் மிச்சம் இருந்தால் அதைச் சிறிய போத்தலுக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்பி மூடுவது நல்லது. செலவில்லாத வழி இது.

அடுத்தது வெப்பம். மேல்நாட்டுப் புத்தகங்கள் 'அறை வெப்பத்தில் வைக்கலாம்' என்று எழுதுவதை அப்படியே நம்பக்கூடாது. அவர்களுடைய நிலவறை 12 முதல் 14 பாகை செல்சியஸ். பாகான் டாலாமில் ஒரு தகரக் கூரை வீட்டின் அலமாரி பகலில் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்பது வேதியியலில் சொல்லப்படும் பொது விதி. அந்தக் கணக்கில், அங்கே ஒரு மாதம் நிற்கும் என்பது இங்கே அலமாரியில் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நம் நாட்டில் திறந்த ஒயின் எதுவானாலும், வலுவூட்டியதானாலும், இடம் குளிர்சாதனப் பெட்டிதான்.

மூன்றாவது ஒளி. இது பீருக்குப் பெரிய எதிரி. பீரின் கசப்புக்குக் காரணமான ஹாப்ஸ் என்ற பூவின் சத்து, வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறித் துர்நாற்றம் தரும். பழுப்புப் போத்தல் அந்த ஒளியைத் தடுக்கிறது. அஞ்சடியில் வெயில் படும்படி அடுக்கிவைத்த பெட்டிகளை வாங்காமல் இருப்பது நல்லது.

போத்தலை நிறுத்துவதா, படுக்கவைப்பதா என்றும் கேட்பார்கள். தக்கை போட்ட சாதாரண ஒயினைத் திறக்கும் வரை படுக்கவைக்க வேண்டும், தக்கை காய்ந்து சுருங்காமல் இருக்கும். பிராந்தி, விஸ்கி போன்றவற்றை எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும். கடுமையான ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். திருகு மூடி போட்டவற்றையும் திறந்துவிட்ட எல்லாவற்றையும் நிறுத்தியே வைக்கலாம்.

6. பேறுகால அலமாரி

வலுவூட்டிய ஒயின் நம் வீட்டுக்குள் நுழைந்தது விருந்துக்காக அன்று, மருந்தாகத்தான். வின்கார்னிஸ் என்ற பெயர் இந்த வட்டாரத்துப் பாட்டிமார் பலருக்குத் தெரியும். பிரிட்டனின் நார்விச் நகரில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய டானிக் ஒயின் அது. தொடக்கத்தில் இறைச்சிச் சாரம் கலந்து தயாரித்ததால், ஒயினையும் இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பில் சூடு ஏறட்டும் என்று இதையோ பிராந்தியையோ சிறிதளவு தரும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உண்டு.

ஒருமுறை எங்கள் வரிசையில் ஓர் அத்தை, பாதி மிச்சம் இருந்த டானிக் ஒயின் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மூத்த மருமகளின் பேறுகாலத்தில் திறந்தது. இப்போது இளைய மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. "தம்பி, ஒயினு பழசானா நல்லதுன்னு சொல்றாங்களே, இதக் குடுக்கலாமில்ல?" என்றார். போத்தலில் காலாவதி நாளும் இல்லை.

அத்தையின் கேள்வியில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. 'பழசானால் நல்லது' என்பது திறக்காத, நிலவறையில் வைத்த, சில உயர்ந்த ஒயின்களுக்கே பொருந்தும். திறந்து அலமாரியில் வைத்ததற்குப் பொருந்தாது. காலாவதி நாள் இல்லாததற்கும் விளக்கம் உண்டு. 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு அந்த நாளைக் குறிக்கத் தேவையில்லை என்று கோடெக்ஸ் எனப்படும் அனைத்துலக உணவுத் தர விதிகள் விலக்கு அளிக்கின்றன. நஞ்சாகும் நுண்ணுயிர்கள் அதில் வளரமாட்டா என்பதுதான் அந்த விலக்கின் பொருள். சுவை என்றும் மாறாது என்பது பொருளன்று.

"அத்தை, இது விஷம் இல்ல, ஆனா இதுல மணமும் இல்ல, குணமும் இல்ல. ஊத்திடுங்க" என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். தாய் குடிக்கும் ஆல்கஹால் தாய்ப்பாலுக்கும் போகும். இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு பாலிலும் இருக்கும். ஒரு சிறு குவளை முழுவதும் உடம்பைவிட்டு நீங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. டானிக் என்ற பெயர் இருப்பதால் ஆல்கஹால் குறைந்துவிடாது. அத்தை சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பூண்டுக் கொழம்பே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மருமகள் மருத்துவச் சிகிச்சையில் இருந்தவர் என்பதால், பத்தியம் எதுவானாலும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அரிஷ்டம், ஆசவம் என்று நாட்டு மருந்துக்கடையில் விற்பவையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். மூலிகைக் கசாயத்தை வெல்லத்தோடு மூடிவைத்து நொதிக்கவைப்பதால் அவற்றில் பொதுவாக 5 முதல் 12 விழுக்காடு ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. அதுவே மருந்தைக் கெடாமல் காக்கிறது. குழந்தைக்குக் கொடுக்குமுன் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

7. எது எவ்வளவு நாள் நிற்கும்?

திறந்த பிறகு, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நல்ல சுவையோடு நிற்கும் காலத்தைத் தோராயமாகக் கீழே தருகிறேன்.

கள்: இறக்கிய அன்றே. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் வைக்கக்கூடாது. வாயு அழுத்தத்தால் போத்தல் வெடிக்கும்.
பீர்: அன்றே. மறுநாள் வாயு போய்விடும்.
சாதாரண ஒயின்: 3 முதல் 5 நாள்.
ஃபினோ எனப்படும் வெளிர் ஷெர்ரி: ஒரு வாரம்.
ரூபி போர்ட்: 2 முதல் 4 வாரம்.
டோனி போர்ட், வெர்மூத், டானிக் ஒயின்: 1 முதல் 2 மாதம்.
மதேரா: பல மாதம்.
பிராந்தி, விஸ்கி: குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வெயில் படாத இடத்தில் ஓராண்டு, ஈராண்டு.
பாலேடு கலந்த லிக்கர்: போத்தலில் குறித்த நாள் வரை மட்டும். 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்பதால் நம் ஊரில் குளிர்சாதனப் பெட்டி கட்டாயம்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. அதில் ஆல்கஹால் எவ்வளவு என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே சாதாரண ஒயினைவிடக் குறைந்த ஆயுளே உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். புளித்துவிட்டால் வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். நல்ல காடியாகச் சமையலுக்குப் பயன்படும். ஆனால் புளித்த எதையும் அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தைக் கரைத்துப் பானத்தில் சேர்க்கும். புளித்த பானம் தானாக நஞ்சாவதில்லை, பாத்திரம் அதை நஞ்சாக்கக்கூடும்.

8. மூக்குக்கு எட்டாத நஞ்சு

இனி மூன்றாவது பொருளுக்கு வருவோம். இதைச் சொல்வதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மலிவான மது அருந்தியவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் வெளிநாட்டில் இருந்து பிழைப்பு தேடி வந்த தொழிலாளர்கள் பலர். 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இரண்டிலும் காரணம் மெத்தனால். 'பழைய சரக்கு' யாரையும் கொல்லவில்லை.

மெத்தனால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மலிவான பொருள். பார்வைக்கும் மணத்துக்கும் நாம் அறிந்த எத்தனாலைப் போலவே இருக்கும். கலப்படக்காரர்கள் அதைச் சேர்ப்பது இதனால்தான். உடலுக்குள் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லிலிட்டர் பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.

இதில் கொடுமை என்னவென்றால், அறிகுறிகள் உடனே தெரிவதில்லை. 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் இல்லாதது போல் இருக்கும். பிறகு தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கண்முன் பனி மூடியது போன்ற மங்கல். 'நேற்றுக் குடித்தது இன்னும் தெளியவில்லை' என்று வீட்டார் படுக்கவைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வசதியும் உண்டு. நேரத்தோடு கொண்டுபோனால் காப்பாற்றலாம். குடித்த மறுநாள் ஒருவர் 'கண் சரியாகத் தெரியவில்லை' என்றால் திட்டிக்கொண்டு நிற்காமல் 999-க்கு அழையுங்கள். மிச்சப் போத்தலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

கொளுத்திப் பார்த்தால் நீலச் சுடர் வரும், எனவே நல்ல சரக்கு என்பார்கள். மெத்தனாலும் வெளிறிய நீலச் சுடராகத்தான் எரியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ நாள்கணக்கில் வைத்தாலோ மெத்தனால் குறைந்துவிடாது. சேமிப்பு அறிவு எதுவும் இங்கே பயன்படாது. வாங்கும் இடம் ஒன்றே பாதுகாப்பு. முத்திரை கலையாத போத்தல், சுங்க வரி முத்திரை, உரிமம் உள்ள கடை. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் அந்த மலிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள்.

சம்சு நம் சமூகத்தில் எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக அதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறது. மது வாங்குவதற்கான குறைந்த வயதை நம் நாடு 2017 டிசம்பரில் 18-இல் இருந்து 21-ஆக உயர்த்தியது. இதைப் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் பலருக்கு அந்த வயது இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

9. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வீடுகளில் அறிவியல் படித்த முதல் தலைமுறை நாம்தான் என்பது பலருக்கும் பொருந்தும். அந்தப் படிப்பு தேர்வுத் தாளோடு முடிந்துவிடக்கூடாது. நொதித்தலையும் ஆக்சிஜனேற்றத்தையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது" என்று சொல்வதில் பெருமை இல்லை. சுண்ணாம்பு, உறை, காடி, தேறல் என்று அந்த அறிவியலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் நம் வீட்டு மொழியிலேயே கிடக்கின்றன. எடுத்துப் பேசத்தான் ஆள் வேண்டும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியில் திறந்து கிடக்கும் போத்தல்களை எடுத்துப் பாருங்கள். எப்போது திறந்தது என்று யாருக்கும் நினைவில்லாத ஒயினை ஊற்றிவிடுங்கள். இனித் திறப்பவற்றின் மேல் திறந்த நாளை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாமல் யாரோ கொடுத்த வெள்ளைத் திரவம் இருந்தால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அதையும் ஊற்றிவிடுங்கள். அப்பாவோ மாமாவோ காசு போச்சே என்று கோபித்துக்கொள்வார்கள். கோபம் தணிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பழசு வேறு, புளிப்பு வேறு, நஞ்சு வேறு என்று தமிழில் பொறுமையாகச் சொல்லுங்கள்.